நேரோபோட் ஓட்டப் பழகுவதும் கால்வாய்ப் பயணத்தைத் திட்டமிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் நேரோபோட் என்ற ஒடுக்கமான, நீளமான படகை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு சில நாட்கள் போய்வர நினைக்கும் நம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல்முறை போகிறவர்கள் சிரமப்படுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். படகு கார் மாதிரி சொன்ன உடனே திரும்பும், நிற்கும் என்று எதிர்பார்ப்பது ஒன்று. வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் அளவுக்கு மீறித் திட்டம் போடுவது இன்னொன்று. அதனால் அந்த இரண்டைப் பற்றியும்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

நேரோபோட் என்பது கேரளப் படகுவீடு மாதிரியா?

இல்லை. ஆலப்புழையில் படகுவீடு எடுத்தால் ஓட்ட ஆளும் சமைக்க ஆளும் கூடவே வருவார்கள். இங்கே சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் கரையில் நின்றுவிடுவார்கள். ஓட்டுவது, லாக் (கால்வாயின் மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) திறப்பது, கரையில் கட்டுவது, சமைப்பது எல்லாம் நீங்கள்தான்.

படகும் வேறு மாதிரி. அகலம் 6 அடி 10 அங்குலம்தான். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் மிட்லண்ட்ஸ் பகுதிக் கால்வாய்களை அமைத்தபோது லாக்குகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் கட்ட வைத்தார். அவற்றுக்குள் நுழைய வேண்டும் என்பதால் இன்றைக்கும் படகின் அகலம் அதுவே. நீளம் 30 அடியிலிருந்து 70 அடி வரை இருக்கும். எஃகு உடல், டீசல் எஞ்சின். நீளமான படகு என்றால் எடை 15 டன்னைத் தாண்டிவிடும். ஒரு காலத்தில் நிலக்கரியும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு குதிரை இழுத்துப் போன படகுகளின் வழிவந்தவை இவை. அந்தக் குதிரைகள் நடந்த பாதை கால்வாயோரம் இன்றும் இருக்கிறது. அதை டோபாத் என்பார்கள்.

லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். பிரிட்டனின் கால்வாய்களில் பொழுதுபோக்காகப் படகு ஓட்ட ஆளுக்கென்று உரிமம் எதுவும் தேவையில்லை. உரிமம் படகுக்குத்தான். வாடகைப் படகில் அதைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும்.

படகைக் கையில் கொடுக்கும்போது சொல்லித் தருவது போதுமா?

ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொல்லித் தருவார்கள். எஞ்சின், கழிவறை, கேஸ், தண்ணீர் எல்லாம் காட்டிவிட்டு, சில இடங்களில் முதல் லாக் வரை கூடவே வருவார்கள். கவனமாகக் கேட்டால் இது போதும். ஆனால் அன்றைக்கு நீங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் இருப்பீர்கள், பாதி காதில் விழாது. வீட்டில் இரண்டு பேர் மற்ற வேலைகளை விட்டுவிட்டு, சொல்வதைக் கேட்பதை மட்டும் செய்ய வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது.

தினமும் காலையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் ஆயில், ப்ரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் கிரீஸ் திருகுவது, அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்பது போன்றவை. ஒவ்வொரு படகிலும் கொஞ்சம் வித்தியாசப்படும்.

இன்னும் உறுதியாகக் கற்க விரும்பினால் ராயல் யாட்டிங் அசோசியேஷனின் இன்லண்ட் வாட்டர்வேஸ் ஹெல்ம்ஸ்மன் பயிற்சி இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு நாள். சொந்தப் படகு வாங்கும் எண்ணம் இருக்கிறவர்களுக்கு அதை நிச்சயம் சொல்வேன். ஒரு வார விடுமுறைக்கு அவசியமில்லை.

டில்லரை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகிறதே. எப்படிப் பழகுவது?

டில்லர் என்பது பின்னால் நின்று பிடிக்கும் நீண்ட கம்பி. அதன் மறுமுனையில் தண்ணீருக்குள் சுக்கான் இருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் மூக்கு திரும்பும். இது அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, தாமதம். டில்லரைத் தள்ளிய பிறகு ஓரிரு நொடிக்கு ஒன்றும் நடக்காது. புதியவர் பொறுமையிழந்து இன்னும் தள்ளுவார். பிறகு மூக்கு வேண்டியதற்கு மேல் திரும்பும், அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் தள்ளுவார், படகு பாம்பாக நெளிந்துகொண்டே போகும். கொஞ்சமாகத் தள்ளுங்கள், காத்திருங்கள், மூக்கு நகரத் தொடங்கியதுமே டில்லரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மீதித் திருப்பத்தைப் படகு தானே முடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, படகு திரும்புவது ஏறத்தாழ அதன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு. மூக்கு இடப்பக்கம் போனால் நீங்கள் நிற்கும் பின்பக்கம் வலப்பக்கம் வீசும். வளைவிலும் பாலத்துக்கு அடியிலும் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பின்பக்கம் போய் இடிக்கும். பாலத்தின் வழி ஒடுக்கமாக இருக்கும், பெரும்பாலும் ஒரு படகு போகத்தான் இடம். பல படகு நீளத்துக்கு முன்பே நேராக வந்துவிடுங்கள். பாலத்துக்குள் நுழைந்த பிறகு திருத்த இடமிருக்காது.

மூன்றாவதைத்தான் பலர் பல நாள் கழித்துப் புரிந்துகொள்கிறார்கள். சுக்கான் நன்றாக வேலை செய்வது ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் அதன்மேல் பாயும்போது. கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு மிதந்து வந்தால் சுக்கானுக்குப் பிடிப்பே இருக்காது. எனவே குறுகலான திருப்பத்தில் வேகத்தை முதலிலேயே குறைத்து வாருங்கள். அங்கே வந்ததும் டில்லரை முழுதாகத் தள்ளிப் பிடித்து, எஞ்சினுக்கு ஒரு சிறு உந்து கொடுத்து உடனே குறைத்துவிடுங்கள். படகு வேகம் எடுப்பதற்கு முன்பே மூக்கு திரும்பியிருக்கும். இந்த ஒன்றை முதல் நாளே பழகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

பின்னோக்கிப் போகும்போது சுக்கானை நம்பாதீர்கள். படகு தன்னிஷ்டத்துக்கு ஒரு பக்கமாகச் சாயும். நடுவே ஒரு சிறு முன்னுந்து கொடுத்து மூக்கை நேராக்கிக்கொண்டு மறுபடி பின்வாங்க வேண்டும். ரிவர்ஸில் இருக்கும்போது டில்லர் வீசும் வளைவுக்குள் யாரும் நிற்கக் கூடாது. சுக்கான் எதிலாவது பட்டால் அந்தக் கம்பி ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடும்.

பிரேக் இல்லையாமே?

இல்லை. ரிவர்ஸ்தான் பிரேக். முதலில் ஐடிலுக்குக் குறைத்து, நியூட்ரலில் ஒரு நொடி விட்டு, பிறகு ரிவர்ஸ். அத்தனை டன் எஃகு நிற்க நேரம் எடுக்கும். எந்த இடத்திலும் "இப்போது நிற்க வேண்டுமானால் எங்கே நிற்பேன்?" என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே ஓட்டுங்கள். படகு எதிலாவது மோதப்போகிறது என்றால் கையையோ காலையோ நடுவில் கொடுத்துத் தடுக்கப் பார்க்கவே கூடாது. படகு உராய்ந்தால் பெயிண்ட்தான் போகும், கால் சிக்கினால் எலும்பு நொறுங்கும். ஏறும்போதே வீட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

நடக்கிற வேகம்தானே போகிறது. கொஞ்சம் விரட்டினால் என்ன?

பெரும்பாலான கால்வாய்களில் உச்ச வேகம் மணிக்கு 4 மைல். நடைமுறையில் 3 மைல்தான் கிடைக்கும், அதாவது மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. இந்த வரம்பைக் காகிதத்தில் போட்ட சட்டம் என்று நினைக்க வேண்டாம், தண்ணீரே அதற்கு மேல் விடாது.

கால்வாய் ஆழமில்லாதது, நடுவில் கொஞ்சம் ஆழம், ஓரங்களில் மேடு. படகு முன்னே போகும்போது தள்ளப்படும் தண்ணீர் இரு பக்கமும் அடியிலும் உள்ள சின்ன இடைவெளி வழியாகப் பின்னால் ஓட வேண்டும். வேகம் கூடினால் அந்த இடைவெளி போதாது. படகைச் சுற்றி நீர்மட்டம் தாழ்ந்து, பின்பக்கம் அமிழ்ந்து, ப்ரொப்பெல்லர் தரையை நோக்கி இறங்கும். எஞ்சின் உறுமும், பின்னால் நுரையோடு அலை உடையும், படகு மட்டும் வேகம் எடுக்காது. டில்லரும் கனத்துவிடும். திரும்பிப் பாருங்கள்: கரையில் அலை உடைந்து மண்ணை அரித்தால் வேகம் அதிகம். எஞ்சினைக் குறைத்தால் சில சமயம் படகு முன்னைவிட நன்றாகவே போகும்.

கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது ஐடிலில்தான் போக வேண்டும். உங்கள் படகு இழுக்கும் தண்ணீர் அந்தப் படகையும் இழுக்கும். அவர்கள் அடித்திருக்கும் முளை பிடுங்கிக்கொள்ளும், உள்ளே அடுப்பில் இருப்பது கொட்டும். பக்கத்தில் வந்த பிறகு குறைத்துப் பயனில்லை, உங்களுக்கு முன்னே தள்ளப்படும் தண்ணீர் ஏற்கனவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மூன்று நான்கு படகு நீளத்துக்கு முன்பே குறையுங்கள். அந்தப் படகுகள் பலருக்கு நிரந்தர வீடு. ஒருவர் வீட்டு வாசலைக் கடக்கிறோம் என்ற எண்ணம் இருந்தால் கை தானாகக் குறைக்கும்.

எதிரே படகு வந்தால்?

இருவரும் அவரவர் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். சாலைப் பழக்கத்தில் கை இடப்பக்கம் போகும், கவனம். ரொம்ப முன்கூட்டியே ஓரம் போய்விடாதீர்கள், தரை தட்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரியாவிட்டால் ஹாரன் அடியுங்கள். யார் பாலத்துக்குக் கிட்டே இருக்கிறாரோ அவர் முதலில்.

தரை தட்டிவிட்டால்?

எல்லாருக்கும் நடப்பதுதான். முன்னோக்கி விரட்டாதீர்கள், இன்னும் ஏறிக்கொள்ளும். வந்த வழியே மெதுவாக ரிவர்ஸ். நகராவிட்டால், மாட்டிக்கொண்ட பக்கத்தில் நிற்பவர்கள் மறுபக்கம் போனால் பாரம் மாறி விடுபடும். அதற்கும் மசியாவிட்டால் கூரையில் கிடக்கும் நீண்ட கழியை அடியில் ஊன்றித் தள்ளுங்கள்.

லாக் என்றாலே பயமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

கால்வாய் ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு மாறும் இடத்தில் இருக்கும் தொட்டிதான் லாக். இரு முனையிலும் கதவு. தண்ணீரை விடவும் வெளியேற்றவும் கதவிலோ பக்கத்துத் தரையிலோ சிறிய அடைப்புகள் உண்டு, அவற்றைப் பேடில் என்பார்கள். ஏரி மதகில் ஷட்டரைத் திருகி ஏற்றுவதைப் பார்த்திருந்தால் இதுவும் அதே வேலைதான். திருகப் பயன்படும் எல் வடிவ இரும்புக் கைப்பிடிக்கு விண்ட்லஸ் என்று பெயர். ஒரு சில லாக்குகளில்தான் ஊழியர் இருப்பார். மற்ற இடங்களில் எல்லாம் உங்கள் கைதான்.

மேலே ஏறுவதாக வைத்துக்கொள்வோம். தொட்டி காலியாக இருக்க வேண்டும். படகு உள்ளே போனதும் கீழ்க்கதவை மூடுங்கள், கீழ்ப் பேடில்கள் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மேல்பக்கம் தரையில் உள்ள பேடிலைப் பாதி மட்டும் ஏற்றுங்கள். படகு முன்னும் பின்னும் இழுபடும், அது அடங்கும்வரை பொறுத்து மீதியை ஏற்றுங்கள். மேல்கதவிலேயே பேடில் இருந்தால் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். தண்ணீர் போதுமான அளவு ஏறுமுன் திறந்தால் அருவி போல மூக்குப் பக்கத் தளத்தில் கொட்டிப் படகையே மூழ்கடிக்கும். இரு பக்க மட்டமும் ஒன்றானதும் கதவு திறக்கும், அதற்கு முன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. கதவின் நீண்ட மரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளுங்கள். கையால் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

இறங்கும்போது எல்லாம் தலைகீழ், கூடவே ஒரு பெரிய ஆபத்து. மேல்கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் அல்லது கான்கிரீட் திட்டுக்குச் சில் என்று பெயர். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்பக்கம் அதன்மேல் இருக்கும்போது தண்ணீர் இறங்கினால் பின்பக்கம் மாட்டிக்கொள்ளும், மூக்கு மட்டும் தாழும். ஒரு சில நிமிடத்தில் படகு கவிழ்ந்து மூழ்கிவிடும். இப்படி மூழ்கிய படகுகள் உண்டு. தொட்டியின் சுவரில் சில் எதுவரை என்று கோடும் எழுத்தும் போட்டிருப்பார்கள். பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும், கடைசிவரை அங்கேயே இருக்கிறதா என்று ஓட்டுபவர் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். மாட்டியது தெரிந்தால் உடனே கீழ்ப் பேடில்களை இறக்கி மூடிவிட்டு, மேல் பேடிலைத் திறந்து தொட்டியை நிரப்புங்கள்.

லாக்குக்குள் படகைக் கயிற்றால் இறுகக் கட்டவே கூடாது. தண்ணீர் இறங்கும், கட்டு இறங்காது, படகு தொங்கும். விண்ட்லஸைத் திருகு தண்டிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது. பிடிப்பு நழுவினால் அது சுழன்று முகத்தில் அடிக்கும். துப்பட்டா, தொங்கும் ஸ்கார்ஃப் எதுவும் அந்தப் பல்சக்கரங்கள் பக்கம் போக வேண்டாம். யார் "நிறுத்து" என்று கத்தினாலும், அது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும், முதலில் பேடிலை இறக்குங்கள், காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

முடித்துக் கிளம்பும்போது எல்லாப் பேடிலும் இறங்கியிருக்கிறதா, கதவுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஒடுக்கமான ஒரு லாக் ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரைக் கீழே அனுப்புகிறது. எதிரே வரும் படகுக்கு லாக் தயாராக இருந்தால் அவர்களை முதலில் விடுங்கள், ஒரு தொட்டித் தண்ணீர் மிச்சம்.

வரிசையாக லாக் வந்தால்?

அடுத்தடுத்து லாக்குகள் இருந்தால் அதை ஃப்ளைட் என்பார்கள். வுஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாயில் டார்ட்பிக் என்ற இடத்தில் 30 லாக்குகள், பிரிட்டனிலேயே நீளமான ஃப்ளைட் அதுதான். ஒருவர் முன்னால் நடந்து அடுத்த லாக்கைத் தயார் செய்துகொண்டே போனால் வேலை ஓடும். ஒரு லாக்கின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவாக இருந்தால் அது ஸ்டேர்கேஸ். அங்கே வரிசை தப்பினால் தண்ணீர் வழிந்து வெளியே போகும். பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஊழியர் இருந்தால் அவர் சொல்படி கேளுங்கள்.

கரையில் கட்டுவது எப்படி?

மெதுவாக, சிறு கோணத்தில் மூக்கை முதலில் கரைக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் ரிவர்ஸ் கொடுத்து நிறுத்துங்கள். படகின் நடுவில் கூரையிலிருந்து வரும் கயிற்றோடு ஒருவர் காலெடுத்து வைத்து இறங்கட்டும். குதிக்கவே கூடாது. இடைவெளி இருந்தால் மறுபடி முயலலாம். அந்த நடுக்கயிறு ஒன்றே முழுப் படகையும் பிடித்து நிறுத்தும்.

பிறகு முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு, படகிலிருந்து வெளிப்பக்கம் சாய்வாகப் போகும்படி. கரையில் இரும்புத் தகடு இருந்தால் கொக்கி போதும், மண் கரை என்றால் முளை அடிக்க வேண்டும். முளை மேல் வெள்ளைப் பையோ துணியோ கட்டுங்கள், டோபாத்தில் சைக்கிளில் வருபவர்களுக்குத் தெரியும். கட்டிய பிறகு நடுக்கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அது உயரத்திலிருந்து பிடிப்பதால், வேறு படகு கடக்கும்போது உங்கள் படகு சாய்ந்தாடும். டோபாத் பக்கம்தான் கட்டலாம், எதிர்க்கரை பெரும்பாலும் தனியாருடையது. பாலம், லாக், வளைவு, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வேண்டாம்.

அறுபது அடிப் படகை எங்கே திருப்புவது?

அதற்கென்று அகலப்படுத்திய இடங்கள் உண்டு, விண்டிங் ஹோல் என்று வரைபடத்தில் குறித்திருக்கும். மூக்கை அந்த அகலத்துக்குள் செருகிப் பின்பக்கத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். உங்கள் படகு நீளத்துக்கு அது போதுமா என்று முன்பே பாருங்கள். அடுத்தது சில மைலுக்கு அப்பால் இருக்கலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

மைலை மறந்துவிட்டு மணியைக் கணக்கிடுங்கள். கால்வாய்க்காரர்களிடம் ஓர் எளிய கணக்கு இருக்கிறது: ஒரு லாக்கை ஒரு மைலாக வைத்து, மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி வந்துவிடும். 15 மைல், 9 லாக் என்றால் 24, அதாவது 8 மணி நேரம். கைதேர்ந்தவர்கள் லாக்கைப் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். புதியவர்களுக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்வதுதான் நியாயம். கேனல்பிளான் என்ற இணையதளமும் இப்படிக் கணக்குப் போட்டுத் தரும்.

இதில் சேராதவை நிறைய. தண்ணீர்த் தொட்டி நிரப்ப அரை மணி நேரம், லாக்கில் முன்னே காத்திருக்கும் படகுகள், கையால் தூக்கும் பாலங்கள், மதியச் சாப்பாடு, ஊருக்குள் போய்ப் பால் வாங்குவது. காலை டிபன் முடித்துக் கிளம்பப் பத்து மணி ஆகும் வீடு என்றால் அதையும் உள்ளபடி கணக்கில் எடுங்கள். இருட்டில் ஓட்ட வாடகைக் கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினை ஓட விடக் கூடாது என்பது பொதுவான விதி.

என் கருத்து: முதல் பயணத்தில் நாளைக்கு ஐந்து மணி நேரம். ஆறு என்பது உச்சம். எட்டு மணி நேரம் டில்லரைப் பிடித்து நின்றால் முதல் நாள் உற்சாகமாக இருக்கும், மூன்றாம் நாள் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

ஓர் உதாரணம். ஃபோர் கவுண்டீஸ் ரிங் என்ற புகழ்பெற்ற சுற்றுவழி ஏறத்தாழ 110 மைல், 94 லாக். கூட்டினால் 204, மூன்றால் வகுத்தால் 68 மணி. ஒரு வார வாடகை என்றால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் படகு கிடைக்கும், அடுத்த சனி காலையில் ஒப்படைக்க வேண்டும். நடுவில் முழு நாட்கள் ஆறுதான். நாளைக்குப் பதினோரு மணி நேரம்! ஒரு வாரத்தில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கூட்டமான, பழகிய குழுக்கள். குடும்பமாக முதல்முறை போகிறவர்கள் இரண்டு வாரம் கிடைத்தால் மட்டும் அதை யோசியுங்கள். சுற்றுவழியில் இன்னொரு சிக்கல்: பாதி தாண்டிய பிறகு திரும்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

அப்படியானால் முதல் பயணத்துக்கு எந்த வழி?

போன வழியே திரும்பும் பாதைதான். நேரம் இருந்தால் தள்ளிப் போகலாம், களைத்தால் எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். அதே இடத்தை எதிர்த்திசையில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும், சலிக்காது.

லாக்கே வேண்டாம் என்றால் ஆஷ்பி கால்வாய். 22 மைல் நீளம், வழியில் லாக் கிடையாது. 1485இல் பாஸ்வொர்த் போர் நடந்த பகுதியை ஒட்டிப் போகிறது. ஓட்டிப் பழக மட்டும் அருமையான இடம். வேல்ஸில் மன்மத்ஷர்–பிரெக்கன் கால்வாய் மலைச்சரிவில் போகிறது. நீண்ட வழி, சில லாக்குகள்தான்.

எல்லாரும் ஆசைப்படுவது லங்கோலன் கால்வாய். காரணம் போன்ட்கசல்தே நீர்ப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டியது, 1805இல் திறக்கப்பட்டது. 307 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி, டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் ஒன்றும் கிடையாது, தொட்டியின் விளிம்புக்கு அப்பால் நேரே பள்ளத்தாக்கு. குழந்தைகளை உள்ளே உட்கார வையுங்கள். படகு தொட்டியை விட்டு எங்கும் போக முடியாது என்பதால் ஓட்டுவது உண்மையில் சுலபம்தான். இந்தக் கால்வாயில் மற்றவற்றைப்போல் இல்லாமல் நீரோட்டம் உண்டு, ஆற்றுத் தண்ணீர் இதன் வழியே ஓடுகிறது. லங்கோலனை நோக்கிப் போகும்போது எதிரோட்டம், கடைசிக் குறுகலான பகுதியில் படகு ஊர்ந்துதான் போகும். கணக்கில் கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள். திரும்பும்போது அதில் கொஞ்சம் கிடைக்கும்.

லண்டனில் ஒரே நாளில் முயன்று பார்க்கலாமா?

பார்க்கலாம், நாள் வாடகைப் படகுகள் இருக்கின்றன. கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளை 1801இல் திறந்தது. சவுத்தால் பக்கமிருந்து லிட்டில் வெனிஸ் வரை பதின்மூன்று மைலுக்கு மேல், லாக்கே கிடையாது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஆல்பர்ட்டன் வழியாகத்தான் போகிறது, அப்புறம் நார்த் சர்க்குலர் சாலைக்கு மேலே நீர்ப்பாலத்தில் கடக்கிறது. ஆனால் கட்டியிருக்கும் படகுகள் நெடுக இருப்பதால் பெரும்பாலும் ஐடிலிலேயே போக வேண்டிவரும்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். பள்ளி விடுமுறையில் லாக்குகளில் வரிசை நிற்கும். நவம்பர் முதல் மார்ச் வரை பழுது பார்ப்பதற்காக ஆங்காங்கே மூடுவார்கள். மழை பொய்த்தால் கோடையிலும் மூடல் வரும், 2025இல் பல கால்வாய்களில் அப்படி நடந்தது. முன்பதிவுக்கு முன்னும் கிளம்புவதற்கு முன்னும், இந்தக் கால்வாய்களில் பெரும்பாலானவற்றைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்டின் தளத்தில் மூடல் அறிவிப்புகளைப் பாருங்கள்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா? குழந்தைகள்?

தாராளமாக. மூக்குப் பக்கத்துத் திறந்த இருக்கைதான் படகில் மிக நல்ல இடம், எஞ்சின் சத்தமே கேட்காது. ஆனால் படிகள் செங்குத்தாக இருக்கும், உள்ளே நடைவழி ஒடுக்கம். மூட்டுவலி உள்ளவர்கள் ஏறி இறங்க முடியுமா என்று முன்பே யோசியுங்கள். பக்கவாட்டில் உள்ள ஓரடிக்கும் குறைவான விளிம்பில் புடவையோடு நடக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு வெளியே இருக்கும் நேரம் முழுக்க லைஃப் ஜாக்கெட். நீந்தத் தெரியாத பெரியவர்களுக்கும் அதேதான், கம்பெனியில் கேட்டால் தருவார்கள். யாராவது விழுந்தால் முதல் வேலை கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை அணைப்பது. பதறிப்போய் ரிவர்ஸ் போட்டால் ப்ரொப்பெல்லர் அவரை இழுத்துக்கொள்ளும். கால்வாயில் பெரும்பாலும் இடுப்பு, மார்பு அளவு தண்ணீர்தான், நிற்கச் சொல்லிச் சத்தம் போடுங்கள். லாக்குக்குள் விழுந்தால் எல்லாப் பேடிலையும் உடனே மூட வேண்டும்.

நம் சாப்பாடு சமைக்க முடியுமா?

கேஸ் அடுப்பு இருக்கும், குக்கர் வைக்கலாம், சாம்பார் ரசம் எல்லாம் நடக்கும். மிக்ஸி, கிரைண்டரை நம்ப வேண்டாம், படகின் இன்வெர்ட்டர் தாங்குமா என்பது படகுக்குப் படகு மாறும். மாவை அரைத்து எடுத்துப்போய் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிருகிறது என்று காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும். அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே அழுத்திப் பாருங்கள். இன்னொன்று, கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கயிற்றைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள். கையால் சாப்பிடுகிற நாம் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

திடீரென்று படகு நடுங்குகிறது, போக மாட்டேன் என்கிறது. ஏன்?

ப்ரொப்பெல்லரில் துணி, பிளாஸ்டிக் பை, கயிறு ஏதோ சுற்றியிருக்கும். கரையில் கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின்தளத்துக்கு அடியில் வீட் ஹாட்ச் என்ற மூடி உண்டு, அதைத் திறந்து கையை விட்டு அறுத்தெடுக்கலாம். மூடியைத் திரும்ப நன்றாக இறுக்கியபின்தான் எஞ்சினைப் போட வேண்டும். தளர்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே பீறிடும், படகு மூழ்கும். தயக்கமாக இருந்தால் கம்பெனிக்கு ஃபோன் செய்யுங்கள்.

நேரத்துக்குத் திரும்ப முடியாது போலிருந்தால்?

தெரிந்த உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள், கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். இதைத் தவிர்க்க, மொத்த நேரத்தில் பாதி ஆகும் முன்பே திரும்பிவிட வேண்டும். ஆறு முழு நாளில் மூன்றாம் நாள் மதியமே திரும்புவது என் யோசனை. ஒரு நாள் பலத்த காற்றடித்தாலே அந்த அரை நாள் போய்விடும், காற்றில் காலியான படகு பக்கவாட்டில் தள்ளப்படும், கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் சரி. கடைசி இரவு, புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் கட்டிக்கொள்ளுங்கள். நடுவில் லாக் இருந்தால் முந்தின மாலையே தாண்டிவிடுங்கள், ஒப்படைக்கும் காலையில் மற்ற வாடகைப் படகுகளும் அந்த லாக்குக்குத்தான் வரும்.